ஷோபான் போட்ட கோடா, அச்சகம் போட்ட கோடா?

பியானோவின் தாங்கியில் இரண்டு புத்தகங்களைத் திறந்து வைத்திருந்தேன். இரண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் அதே நாக்டர்ன், அதாவது இரவின் மனநிலையில் அமைந்த பியானோப் படைப்பு. சுரங்கள் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றின் தலைக்கு மேல் ஓடும் வளைகோடுகள் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் வரியின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பந்தல் போட்டது போல ஒரே நீளக் கோடு. மற்றொன்றில் அதே இடத்தில் மூன்று சிறு கோடுகள். எதைப் பார்த்து வாசிப்பது என்று ஆசிரியரிடம் கேட்டேன். "காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அது" என்றார். தவறான பதில் இல்லை. ஆனால் ஷோபான் எதைப் போட்டார் என்பதல்லவா என் கேள்வி!

அந்தக் கேள்விக்கு விடை தேடுபவர்கள் செய்யும் முதல் வேலை, அந்தக் காலத்து முதல் பதிப்புகளை அருகருகே வைத்துக் கோடு கோடாக ஒப்பிடுவது. நம் ஊரில் ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்கள் 'பாடபேதம்' என்று சொன்னார்களே, அதே வேலைதான். அங்கே எழுத்து மாறியிருக்கும். இங்கே கோடு மாறியிருக்கிறது. இசை வாசிக்கத் தெரியாதவருக்கும் இதன் முறை புரியும்.

முதலில் அந்தக் கோடு என்ன என்று பார்த்துவிடுவோம். பியானோ வகுப்பில் ஸ்லர் என்பார்கள். பல சுரங்களின் மேலோ கீழோ வில் போல வளைந்து நிற்கும். அதற்குள் அடங்கிய சுரங்களை இடைவெளி விடாமல், ஒன்றோடொன்று ஒட்டவைத்து வாசிக்கவேண்டும் என்பது அடிப்படைப் பொருள். இதே உருவத்தில் 'டை' என்று இன்னொரு கோடும் உண்டு. அது ஒரே சுரத்தின் இரண்டு குறிகளை இணைத்து நீட்டிப்பது. அதில் பெரிய வம்பு இல்லை. வம்பெல்லாம் ஸ்லரில்தான்.

காரணம், அந்தக் கோட்டுக்கு ஒரே பொருள் எப்போதும் இருந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அது வயலின்காரர்களின் குறி: இத்தனை சுரங்களை வில்லின் ஒரே இழுப்பில் வாசி. அதனால் கோடுகள் குட்டையாக, பெரும்பாலும் ஒரு தாளக்கட்டத்துக்குள் அடங்கி இருந்தன. கோட்டின் முதல் சுரத்தில் லேசான அழுத்தம், கடைசிச் சுரம் தளர்ந்து முடியும். பியானோவுக்கு வில் கிடையாது. ஆனாலும் கோடு வந்துவிட்டது, பழைய பழக்கங்களையும் கூட்டிக்கொண்டு. ஷோபான் தலைமுறையில் அதன் வேலை விரிந்தது. பாடகர் ஒரே மூச்சில் பாடும் நீளத்தைக் காட்டவும் அதையே பயன்படுத்தினார்கள். ஆக ஒரே கோடு சில இடங்களில் 'ஒட்டி வாசி' என்கிறது, சில இடங்களில் 'இது ஒரு வாக்கியம்' என்கிறது, சில இடங்களில் இரண்டையும் சொல்கிறது.

1879-இல் வயலின் கான்செர்ட்டோ ஒன்றை, அதாவது தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, முன்வைத்து ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸும் வயலின் கலைஞர் யோவாகிமும் கடிதங்களில் இதை வாதிட்டார்கள். சுரங்களின் மேல் தான் போடும் கோடு ஒட்டி வாசிப்பதைத்தான் குறிக்கிறது, அதனால் எந்தச் சுரத்தின் நீளமும் குறையாது என்பது பிராம்ஸின் நிலை. இரண்டே சுரங்களின் மேல் கோடு வந்தால் மட்டும் இரண்டாவது சற்றுக் குறுகும் என்று விதிவிலக்கும் வைத்தார். வில்லைக் கையில் பிடித்தவருக்கும் விசைப்பலகை முன் உட்கார்ந்தவருக்கும் ஒரே கோடு வேறு வேறாகத் தெரிந்திருக்கிறது, அதுவும் நெருங்கிய நண்பர்களுக்கு இடையிலேயே.

கோடு இடம் மாறினால் என்ன குடி முழுகிவிடும்? இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: அம்மா வந்தாள் அண்ணனோடு பேசினாள். 'வந்தாள்' என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளி வைத்தால் அம்மா தனியாக வந்து அண்ணனோடு பேசினாள். 'அண்ணனோடு' என்பதற்குப் பின் வைத்தால் இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவள் யாரோடு பேசினாள் என்பது வேறு கதை. சொற்களில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஷோபானிடம் பாடம் கேட்ட மிக்குலி என்ற மாணவர் இதைப் போலவே ஒன்றைப் பதிந்து வைத்திருக்கிறார். வாக்கியம் பிரிக்கத் தெரியாமல் வாசிப்பவரை, தனக்குத் தெரியாத மொழியில் ஒரு பேச்சை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவருக்கு ஷோபான் ஒப்பிடுவாராம்.

தவறான சுரம் அச்சாகிவிட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும், பெரும்பாலும். தவறான ஸ்லர் அப்படி இல்லை. அது எங்கே நின்றாலும் இசை இசையாகவே ஒலிக்கும். அதனால்தான் பிழையான கோடுகள் நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் பதிப்புக்குப் பதிப்பு நகர்ந்து வந்திருக்கின்றன.

இனி, ஒரே படைப்புக்கு ஏன் பல முதல் பதிப்புகள் என்ற கேள்வி. ஷோபான் காலத்தில் நாடுகளைக் கடந்து செல்லும் பதிப்புரிமை கிடையாது. பாரிஸில் வெளியான இசையை லைப்சிக்கில் யாராவது எடுத்து அச்சடித்து விற்றால் கேட்பதற்கு நாதியில்லை. இதற்கு அவர்கள் கண்ட வழி, ஒரே நேரத்தில் மூன்று நாடுகளில் மூன்று நிறுவனங்களுக்கு விற்பது. ஷோபானின் பெரும்பாலான படைப்புகள் பாரிஸில் பல ஆண்டுகள் மோரிஸ் ஷ்லெஸிங்கரிடமும், லைப்சிக்கில் பிரைட்காப்ஃப் உண்ட் ஹெர்டல் நிறுவனத்திடமும், லண்டனில் வெஸ்ஸல் நிறுவனத்திடமும் வெளிவந்தன. மூன்றும் சட்டப்படி 'முதல்' பதிப்புகள். மூன்றுக்கும் தனித்தனியாகத் தகடு செதுக்கினார்கள். தனித்தனியாகப் பிழையும் செய்தார்கள். வெஸ்ஸல் ஒரு படி மேலே போய், நாக்டர்ன் என்று அனுப்பினால் 'சேன் நதியின் முணுமுணுப்புகள்' என்பது போன்ற பெயர்களைத் தானாகச் சூட்டி விற்றார். ஷோபானுக்கு அதில் கடுங்கோபம். பெயரையே மாற்றுகிறவர் கோட்டை விட்டுவைப்பாரா என்று தோன்றும். உண்மையில் கோடுகள் மாறியதற்கு வியாபாரப் புத்தி காரணமில்லை, கைவேலைதான் காரணம்.

அந்தக் கைவேலையைச் சற்று அருகே போய்ப் பார்க்கவேண்டும். இசையை அச்சிட வெள்ளீயமும் ஈயமும் கலந்த மெத்தென்ற உலோகத் தகட்டைப் பயன்படுத்தினார்கள். ஐந்து பல் கொண்ட கருவியால் ஐந்து கோடுகளை ஒரே இழுப்பில் கீறுவார்கள். சுரத்தின் தலை, சார்ப், ஃப்ளாட், எழுத்துகள் போன்றவற்றுக்கு எஃகு அச்சுகள் உண்டு. இடம் பார்த்து வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஆகவே சுரத்தலை எங்கே விழுந்தாலும் ஒரே வடிவம். ஸ்லருக்கு அப்படி அச்சு கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு நீளம், ஒரு வளைவு. கூரிய உளியைக் கையில் பிடித்து, நடுவில் தடித்து முனைகளில் மெலியும்படி செதுக்குபவர் கைபோன போக்கில் வெட்டவேண்டும். அதுவும் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக. பக்கத்தில் இருப்பவற்றிலேயே மிகவும் கைவண்ணம் கலந்த குறி அதுதான். இடமில்லை என்றால் கொஞ்சம் குறைப்பார், அழகாக இல்லை என்றால் கொஞ்சம் நீட்டுவார். தவறு நேர்ந்தால் தகட்டைக் குப்புறப் போட்டு, சரியான இடத்தை அளந்து பின்பக்கமாகத் தட்டி, பள்ளத்தை மேடாக்கி, மறுபடி செதுக்கவேண்டும். ஒரு சுரத்துக்காக அந்தப் பாடு படலாம். ஒரு கோட்டின் முனைக்காக யார் படுவார்கள்?

அவருக்கு முன்னால் கிடக்கும் கையெழுத்துப் பிரதியும் லேசுப்பட்டதில்லை. ஒரு சின்ன உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். இது நானே கட்டியது. ஒரு தாளக்கட்டத்தில் ச ரி க ம என்று நான்கு சுரங்கள். அடுத்து கட்டத்தைப் பிரிக்கும் செங்குத்துக் கோடு. அதற்கப்பால் நீளமாக ஒரு ப. இசையமைப்பாளர் ச-வின் மேல் பேனாவை வைத்து வேகமாக வலப்பக்கம் வீசுகிறார். வளைவு ம-வைத் தாண்டிவிட்டது, ஆனால் ப-வை எட்டவில்லை. செங்குத்துக் கோட்டுக்கு நேர் மேலே அந்தரத்தில் நிற்கிறது. ம-வில் முடித்தாரா, ப-வில் முடித்தாரா?

ம-வில் முடிந்தால், நான்கும் ஓடி வந்து ஒரு நொடி மூச்சு விட்டு, ப புதிதாகப் பிறக்கும். ப-வில் முடிந்தால், நான்கும் ப-வில் போய் அமரும், நாற்காலியில் உட்கார்வது போல. கேட்பவருக்கு இரண்டும் வேறு வேறு மெட்டாகத் தோன்றக்கூடும். பாரிஸில் செதுக்கியவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார், லைப்சிக்கில் செதுக்கியவர் மற்றதை. இருவரும் பொய் சொல்லவில்லை. அந்தரத்தில் நின்ற கோட்டை அந்தரத்திலேயே விட அவர்களின் தொழில் அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய பதிப்புகளை ஒப்பிடும்போது நீங்கள் காணப்போகும் வேறுபாடுகளில் பெரும்பங்கு இந்த வகைதான். கோடு ஒரு சுரம் முன்னால் தொடங்குகிறது, அல்லது ஒரு சுரம் பின்னால் முடிகிறது. அடுத்த வகை, ஒரு நீளக்கோடு இரண்டாக உடைந்திருப்பது, அல்லது இரண்டு சிறு கோடுகள் ஒன்றாகியிருப்பது. மூன்றாவது, கோடே காணாமல் போயிருப்பது. இரண்டாவதுதான் துப்பறிபவருக்குத் தீனி. அதற்கு வருகிறேன்.

முதலில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்ற வம்சாவளியைப் போட்டுக்கொள்ளவேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு ஒப்பிட ஆரம்பித்தால் எல்லாம் வீண். ஷோபானின் 24 பிரிலூடுகள் என்ற சிறு பியானோப் படைப்புகளை, அதாவது ஓப்பஸ் (படைப்பு எண்) 28-ஐ, எடுத்துக்கொள்வோம். மயோர்காத் தீவில் வால்டெமோசா மடத்தில் தங்கியிருந்தபோது அவற்றை முடித்து, 1839 ஜனவரியில் கையெழுத்துப் பிரதியைப் பாரிஸிலிருந்த நண்பர் யூலியான் ஃபோன்டானாவுக்கு அனுப்பினார். நீயும் வோல்ஃபும் படி எடுங்கள், படியை லைப்சிக் நிறுவனத்தின் பாரிஸ் முகவர் ப்ரோப்ஸ்டிடம் கொடுங்கள், என் பிரதியைப் பிளயேலிடம் கொடுங்கள் என்று கடிதத்தில் ஏற்பாடு. பியானோ தயாரிப்பாளரான பிளயேலிடமிருந்து அது கேட்டலின் என்ற பதிப்பாளரிடம் போய் அந்த ஆண்டே பாரிஸில் வெளியானது. லைப்சிக் பதிப்பு ஃபோன்டானாவின் படியிலிருந்து வந்தது. லண்டனில் வெஸ்ஸல் வெளியிட்டது பாரிஸ் அச்சை ஒட்டியது. பாரிஸிலும் லண்டனிலும் காணிக்கை பிளயேலுக்கு, லைப்சிக்கில் கெஸ்லர் என்ற இசையமைப்பாளருக்கு. அட்டையிலேயே வம்சம் பிரிவது தெரிகிறது.

இப்போது ஒரு கோட்டைப் பாருங்கள். பாரிஸிலும் லண்டனிலும் அது நீளமாக இருக்கிறது, லைப்சிக்கில் குட்டையாக. பழக்கமில்லாதவர் என்ன சொல்வார்? இரண்டு பேர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம், எனவே நீளம்தான் சரி. நானும் முதலில் அப்படித்தான் ஒரு நோட்டு முழுக்க ஓட்டு எண்ணினேன். சுத்த வீண் வேலை. லண்டன் பாரிஸைப் பார்த்து எழுதியது என்றால் அது சாட்சி இல்லை, எதிரொலி. இரண்டு பேர் சொல்வதாகத் தோன்றினாலும் சொன்னவர் ஒருவரே. ஓட்டு இரண்டுக்கு ஒன்று இல்லை, ஒன்றுக்கு ஒன்று. லண்டன்காரர் லைப்சிக்கோடு ஒத்துப்போய் பாரிஸோடு முரண்பட்டால்தான் நிமிர்ந்து உட்காரவேண்டும். அப்போது ஒன்று பாரிஸ் பின்னால் மாறியிருக்கிறது, அல்லது லண்டன் தானாகத் திருத்தியிருக்கிறது.

பிரிலூடுகளில் நம் அதிர்ஷ்டம், ஷோபானின் கையெழுத்துப் பிரதியே வார்சாவில் போலந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஆகவே பாரிஸ் பதிப்பில் ஒரு கோடு பிரதியிலிருந்து மாறியிருந்தால் இரண்டே காரணங்கள்: செதுக்குபவர் தவறு, அல்லது மெய்ப்பில் ஷோபானே செய்த திருத்தம். இவற்றில் எது? வேறு படைப்புகள் என்றால் கைபிசைய வேண்டியிருக்கும். ஏனென்றால் ஷோபான் பாரிஸில் வசித்தவர். மெய்ப்பு பார்க்கும்போதே மனம் மாறித் திருத்துகிற பழக்கமும் இருந்தது. அந்தத் திருத்தங்கள் லைப்சிக்குக்குப் போய்ச் சேராமலும் போயின. ஆனால் 1839-இல் மயோர்காவிலிருந்து மார்செய் போய், கோடையில் நொவானில் எழுத்தாளர் ஜார்ஜ் சாந்தின் வீட்டில் இருந்துவிட்டு, அக்டோபரில்தான் பாரிஸ் திரும்பினார். பிரிலூடுகள் அதற்குள் அச்சாகிவிட்டன. ஆகவே ஓப்பஸ் 28-இல் பிரதியை விட்டு விலகும் ஒரு கோட்டை 'ஆசிரியர் திருத்தம்' என்று வாதாட முன்வருபவர் நல்ல ஆதாரம் கொண்டுவரவேண்டும். ஒருவர் எந்த மாதம் எந்த ஊரில் இருந்தார் என்பது ஒரு வளைகோட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

உடைந்த கோடுகளுக்கு வருவோம். எழுதும்போது வரி முடிந்தால் ஸ்லரும் விளிம்போடு நின்று, அடுத்த வரியில் மறுபடி தொடங்கவேண்டும். 'இது முடியவில்லை, தொடர்கிறது' என்று காட்ட முனையை விளிம்புக்கு வெளியே நீட்டிவிடுவார்கள். அடுத்த வரியின் தொடக்கத்தில் முதல் சுரத்துக்கு முன்னாலிருந்தே கோடு கிளம்பும். கையெழுத்தில் இந்த இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. வரியின் கடைசியில் கோடு விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கும், அடுத்த வரியிலோ ஒன்றும் தெரியாதது போல முதல் சுரத்தின் மேல் புதிதாக ஒரு கோடு தொடங்கியிருக்கும். ஒன்றா, இரண்டா? எழுதியவர் பக்கத்தைத் திருப்புவதற்குள் மறந்துவிட்டாரா?

படி எடுப்பவரின் தாளில் வரிகள் வேறு இடத்தில் முடியும். முதல் பிரதியில் வரிக் கடைசியில் இருந்த தாளக்கட்டம் இவருடைய தாளில் வரியின் நடுவே வந்துவிடும். அவரோ கண்ணில் பட்டதைப் பட்டபடி எழுதுகிறவர். இரண்டு துண்டுகளாகக் கண்டதை இரண்டாகவே எழுதுவார். விளைவு, இசையில் எந்தக் காரணமும் இல்லாத இடத்தில், வாக்கியத்தின் நட்டநடுவில், கோடு பிளந்து நிற்கும். இப்படி ஒரு அச்சுப் பதிப்பில் காரணமில்லாத பிளவைக் கண்டால் நான் முதலில் செய்வது, சந்தேகத்துக்குரிய மூலத்தில் அதே கட்டம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. அது வரியின் கடைசியில் இருந்தால் திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான். இந்தப் பதிப்பு அந்த மூலத்தைப் பார்த்துத்தான் செதுக்கப்பட்டது என்பதற்கு அந்தப் பிளவே கைரேகை. ஒரு இடத்தில் கிடைத்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். நான்கைந்து இடங்களில் கிடைத்தால் வம்சாவளியையே அதை வைத்துப் போடலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அழகான, ஒழுங்கான கோடுகள் நமக்குத் தடயம் தருவதில்லை. கோணல்தான் தருகிறது.

ஒழுங்கைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. ஒரு மெட்டு படைப்பில் இரண்டு முறை வருகிறது. முதல் முறை கோடு நான்கு கட்டங்களுக்கு நீளமாக, இரண்டாம் முறை இரண்டு இரண்டாகப் பிரிந்து. லைப்சிக் பதிப்பில் இரண்டும் ஒரே மாதிரி. எது நம்பத்தக்கது? லைப்சிக் நிறுவனத்தில் பிரதியைச் செப்பனிடுகிறவர்கள் இருந்தார்கள். ஒரே மெட்டுக்கு ஒரே கோடு என்று நேர்செய்வது அவர்களுக்குக் கடமையாகவே தோன்றியிருக்கும். ஒழுங்கைக் கெடுத்து வேறுபாட்டைப் புகுத்துகிறவர்கள் அரிது. ஆகவே வேறுபடும் பாடமே மூலத்துக்கு நெருங்கியது என்று தொடங்குவது நல்ல கணிப்பு. ஆனால் வெறும் கவனக்குறைவாலும் கோடு மாறும். தவிர, திரும்ப வரும் பகுதிகளை ஷோபான் பல இடங்களில் எழுதவே இல்லை. காலிக் கட்டங்களில் எண்ணோ எழுத்தோ போட்டு 'மேலே உள்ளதையே நிரப்பிக்கொள்' என்று விட்டுவிட்டார். நிரப்பியவர் படி எடுத்தவர். அங்கே கோடு மாறியிருந்தால் ஷோபானின் மேதைமையை அதில் தேடுவது வெட்டி வேலை.

எல்லாப் பழியையும் செதுக்குபவர்கள் தலையிலும் ஃபோன்டானா தலையிலும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றால், 1840-களின் படைப்புகள் குறுக்கே வருகின்றன. அதற்குள் ஃபோன்டானா பாரிஸை விட்டுப் போய்விட்டார். ஷோபான் தாமே ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் எழுதவேண்டியிருந்தது. 1846-இல் வெளியான பார்க்கரோல் (படகுப் பாட்டின் சாயலில் அமைந்த பியானோப் படைப்பு), ஓப்பஸ் 60, அப்படிப்பட்டது. ஒரு பிரதி கிராகோவில் யாகெலோனிய நூலகத்தில் இருக்கிறது, இன்னொன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில். அவர் கையால், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே படைப்பை எழுதியவை. அவற்றிலும் எல்லாக் குறிகளும் ஒத்துப்போகவில்லை. அவருக்கு அது ஒரு பிழையாகவே பட்டிருக்காது என்பது என் எண்ணம். பாடகர் ஒரே பாட்டை இரண்டு மாலைகளில் இரண்டு இடங்களில் மூச்செடுத்துப் பாடுகிறார். அதை எழுதி வைத்தால் இப்படித்தான் இருக்கும். 'சரியான கோடு' ஒன்றே ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது, தேடினால் அகப்படும் என்ற நம்பிக்கை இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

இதற்கு மேல் மாணவர்களின் புத்தகங்கள் வேறு. ஜேன் ஸ்டெர்லிங், கமில் தூபுவா போன்றவர்கள் பாடத்துக்குக் கொண்டுபோன அச்சுப் பிரதிகள் பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஷோபான் பென்சிலால் விரல் எண்களும் திருத்தங்களும் போட்டிருக்கிறார். அச்சுக்குப் பிறகும் படைப்பு அசைந்துகொண்டே இருந்தது என்பதற்கு இவை சாட்சி. ஆனால் ஒரு மாணவிக்காகப் போட்ட குறி எல்லோருக்கும் பொதுவான விதியா, அன்றைக்கு அவர் தடுமாறிய இடத்துக்கான கைவைத்தியமா என்று பிரித்தறிவது கடினம்.

1849-இல் ஷோபான் இறந்தார். அதன் பின் வந்த பதிப்பாசிரியர்களைப் பற்றி விரித்துச் சொன்னால் கட்டுரை நீண்டுவிடும். மிக்குலியின் பதிப்பு 1879-இல் லைப்சிக்கில் வந்தது. பல தலைமுறை மாணவர்கள் அதைத்தான் வாசித்தார்கள். பியானோ மேதை லிஸ்ட்டின் மாணவரான கிளிண்ட்வொர்த் கோடுகளைத் தம் விருப்பப்படி நீட்டி ஒழுங்குபடுத்தினார். 1880-களில் ஹூகோ ரீமான் என்ற இசையறிஞர், இசை வாக்கியம் எப்போதும் மெல்லிய தட்டில் தொடங்கி வலுத்த தட்டை நோக்கி நகர்கிறது என்ற தம் கொள்கைப்படி பழைய இசையமைப்பாளர்களின் கோடுகளையெல்லாம் மாற்றிப் பதிப்பித்தார். கொள்கை எப்படியோ போகட்டும், அடுத்தவர் பேனாவைப் பிடுங்கி எழுதிய அந்தத் துணிச்சலை என்னால் ஏற்க முடியவில்லை. 1925-இல் ஹைன்ரிஷ் ஷெங்கர் என்ற இசைக் கோட்பாட்டாளர் இந்த 'வாக்கியக் கோடு' ஒழியட்டும் என்று சூடாக ஒரு கட்டுரையே எழுதினார். இசையமைப்பாளர் எழுதியது வாசிப்புக்கான குறி, பதிப்பாசிரியர் அதை இலக்கணக் குறியாக்கிவிட்டார் என்பது அவருடைய கோபம்.

ரீமானுக்கும் ஷெங்கருக்கும் முன்பே பிராம்ஸ் தெளிவாக இருந்தார். பிரைட்காப்ஃப் நிறுவனம் 1878 முதல் வெளியிட்ட ஷோபான் தொகுப்புக்கு அவரும் பதிப்பாசிரியர்களில் ஒருவர். உடன் பணியாற்றிய ருடார்ஃபுக்கு எழுதும்போது, ஷோபானின் எழுத்துமுறையைத் திருத்தப் போகவேண்டாம், அதைத் தொட்டால் அடுத்து இசையிலேயே கைவைக்கத் தோன்றும் என்ற பொருளில் சொன்னார். இரண்டு புத்தகங்களை வைத்துக்கொண்டு நான் குழம்பிய நாக்டர்னில் அந்தப் பந்தல் கோடு எங்கிருந்து வந்தது என்பதும் பிறகு தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பதிப்பு ஒன்றின் மலிவு மறுஅச்சு அது. அட்டையில் பதிப்பாசிரியர் பெயரே இல்லை.

நீங்களே ஒரு முறை செய்து பார்க்க ஓப்பஸ் 28-இன் ஏழாவது பிரிலூடை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ மேஜரில் அமைந்தது. 16 தாளக்கட்டங்கள்தான், வாசிக்க ஒரு நிமிடம் ஆகும். முதல் பதிப்புகளின் படங்களை லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னெடுத்த ஷோபான் இணையத் திட்டங்கள் இலவசமாகத் தருகின்றன. ஒரே கட்டத்தைப் பல மூலங்களிலிருந்து அடுத்தடுத்துக் காட்டும் வசதியும் அங்கே உண்டு. இந்தப் பிரிலூடில் ஒரே தாள வடிவம் எட்டு முறை திரும்புகிறது: ஒரு தொடக்கச் சுரம், சிறு துள்ளல், பிறகு அடங்கி நிற்கும் ஒலிகள். இப்படி எட்டு முறை வரும் ஒன்றுக்கு எட்டுக் கோடுகள் போடுவதா, இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கா? கோடு தொடக்கச் சுரத்திலிருந்து கிளம்புகிறதா, அதற்கடுத்த வலுத்த தட்டிலிருந்தா? விடையை நான் சொல்லிவிட்டால் உங்களுக்குச் சுவை போய்விடும்.

ஒரு தாளில் கட்டங்களுக்கு 1 முதல் 16 வரை எண் போட்டு, ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு வண்ணப் பென்சில் வைத்துக்கொண்டு, கோடு தொடங்கும் சுரத்தையும் முடியும் சுரத்தையும் மட்டும் குறியுங்கள். அர்த்தம் பார்க்காதீர்கள், முதல் சுற்றில் அது கண்ணை ஏமாற்றும். வரி முடியும் இடங்களில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்துவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான், பிறகு பிளவுக்குக் காரணம் தெரியாமல் விழிப்பார்கள். பக்கத்தின் அடியில் இருக்கும் தகட்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அது ஒன்றாகவே இருந்தாலும் தகடு இடையில் திருத்தப்பட்டிருக்கலாம். ஆகவே ஒரே எண் கொண்ட இரண்டு பிரதிகள் கிடைத்தால் ஒன்றைத் தள்ளிவிடாமல் இரண்டையும் பாருங்கள்.

சந்தேகமான முனைகளுக்குக் கேள்விக்குறி போடத் தயங்கவேண்டாம். இன்றைய நல்ல பதிப்புகளும் அதைத்தான் செய்கின்றன. யான் எகியெர் பதிப்பித்த போலந்து தேசியப் பதிப்பில், தாமாகச் சேர்த்தவற்றை அடைப்புக்குறிக்குள் காட்டி, எந்த மூலத்தில் என்ன இருந்தது என்று தனி உரையும் எழுதியிருக்கிறார்கள். கடைகளில் 'உர்டெக்ஸ்ட்' என்று அட்டையில் போட்டு விற்பவற்றை வாங்கினாலும் பின்பக்கத்து உரையைப் படிக்காமல் விடாதீர்கள். மூலப் பாடம் என்று அதற்குப் பொருள் சொன்னாலும், அந்தரத்தில் நின்ற கோட்டை ம-வில் முடிப்பதா ப-வில் முடிப்பதா என்று அங்கேயும் யாரோ ஒருவர் மேசை முன் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்.

என் தாளில் அந்த 16 கட்டங்களில் இப்போதும் மூன்று கேள்விக்குறிகள் இருக்கின்றன. ஒன்றைப் பென்சிலால் இரண்டு முறை அழித்து மறுபடி போட்டிருக்கிறேன்.